பதினேழாம் எண் கேன்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படியைத் திட்டிக்கொண்டேதான் ஏறுகிறார். அங்கே நீங்கள் இருவரும் எப்படி? உன் கையெழுத்தைப் பார்த்து மூன்று மாதமாகிறது.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், ஒளிப்பானேன். எங்கள் ஆய்வகத்தில் புதிய வேலை ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். நம் உடம்பு அமீன் என்று சில பொருள்களைத் தானாகவே சுரக்கிறது. பயந்தால் ஏறும், கோபம் வந்தால் ஏறும், மூச்சிரைக்க ஓடினால் ஏறும். கடைசியில் சிறுநீரில் வெளியே வந்துவிடும். ஒரு நோயாளிக்கு அது அதிகமா என்று சொல்ல வேண்டுமானால், நோயில்லாதவர்களுக்கு எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும் இல்லையா? இத்தனை நாளும் எங்கேயோ யாருக்கோ அளந்த கணக்கைப் புத்தகத்தில் பார்த்து ஓட்டினோம். இப்போது நாங்களே அளக்கிறோம். நூற்றிருபது பேர் வேண்டும். நாற்பது தாண்டிய, புகைபிடிக்காத ஆண்கள்தான் சிக்க மாட்டேன் என்கிறார்கள். உன்னை விட்டால் எனக்கு யார்? ஒரு முழு நாள் சிறுநீரைக் கேனில் சேர்த்து உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்தால் போதும். அவர்கள் மொத்த அளவைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் மட்டும் ஐஸ் பெட்டியில் எங்களுக்கு அனுப்புவார்கள்.

பெண்களும் வேண்டும்தான். ஆனால் உன் வீட்டுக்காரியைச் சேர்க்க வேண்டாம். அவளுக்குத்தான் எப்போது பார்த்தாலும் தலைவலி, படபடப்பு என்கிறாயே. டாக்டரே நரம்புத் தளர்ச்சி, மனசைத் தேற்றிக்கொள் என்று அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். ஒன்றுமில்லாததற்கெல்லாம் அலட்டிக்கொள்கிற சுபாவம், யார் என்ன செய்ய முடியும். இதற்கு ஆரோக்கியமானவர்கள்தான் வேண்டும்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாமல் பதில் போடு.

அக்கா

*

பிப்ரவரி 16

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

சுகமாக இருக்கிறேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறேன். உலகத்தில் எந்த அக்காவாவது தம்பியிடம் இதைக் கேட்பாளா? சின்ன வயதில் என் மிட்டாயைப் பிடுங்கினாய், சைக்கிளைப் பிடுங்கினாய், இப்போது இதையும் விட்டுவைக்கவில்லை.

நான் வேலை செய்வது நாற்பது மீட்டர் உயரத்தில், ஆள் திரும்ப இடமில்லாத கிரேன் கூண்டுக்குள். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். கேனைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினால் கீழே நிற்கிற கம்பி கட்டுகிறவர்கள் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாது. இன்னொன்று. ஜூனில் எங்களுக்கு உடல்தகுதிப் பரிசோதனை. நீங்கள் பாட்டுக்கு எதையாவது கிளப்பிவிட்டால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதற்கு உத்தரவாதம் தந்தால் செய்கிறேன்.

உன் கடிதத்தை எப்போதும்போல் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தேன். கடைசிப் பத்தியில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அவள் பாதியில் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே, அவளும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

அத்தானின் காலைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். உத்தரவாதம் தந்தேன். பாரத்தில் உன் பேர் கிடையாது. நம்பர், ஆணா பெண்ணா, வயது, எடை, தொழில், அவ்வளவுதான். உன் கம்பெனிக்கு ஒரு துண்டுக் காகிதம் போகாது.

செய்யவேண்டியதை ஒழுங்காகக் கேட்டுக்கொள். இரண்டு நாள் முன்பிருந்தே காபி, டீ, வாழைப்பழம், சாக்லேட் கூடாது. சளி மாத்திரை எதுவும் கூடாது. விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துக்கொள். காலையில் எழுந்ததும் முதலில் போவதைச் சேர்க்காதே. அதற்குப் பிறகு போவதெல்லாம் கேனுக்குள். மறுநாள் காலை முதல் தடவையோடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் தருகிற கேனின் அடியில் கொஞ்சம் அமிலம் இருக்கும், கெடாமல் இருக்க ஊற்றியது. நேராகக் கேனுக்குள் போய் வீரம் காட்டாதே, ஒரு குவளையில் பிடித்து மெதுவாக ஊற்று. நடுவில் ஒரு தடவை மறந்து வெளியே போய்விட்டால் மறந்ததைச் சொல்லிவிடு. எங்கள் வேலையில் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளலாம், மறைத்தால்தான் ஆபத்து.

அக்கா

*

மார்ச் 14

அக்காவுக்கு,

அனைவரும் நலம். கேன் கொடுத்தாகிவிட்டது. நம்பர் பதினேழு. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. உனக்குத் திருப்திதானே? வேலைக்கு நேரமாகிவிட்டது.

தம்பி

*

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? இதைச் சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

நீ எப்போதும் நாலு பக்கம் எழுதுகிறவன், போன தடவை நாலு வரியில் முடித்துவிட்டாய். உடம்பு முடியவில்லையா? திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலி வருகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறதா? நெஞ்சு காரணமில்லாமல் படபடவென்று அடித்துக்கொள்கிறதா? கால் மணி நேரம், அரை மணி நேரம் இருந்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடுகிறதா? முகம் வெளுக்கிறதா? எடை குறைந்துவிட்டதா? குறைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டு நாளில் வாழைப்பழமோ சளி மாத்திரையோ உள்ளே போனதா? போயிருந்தால் திட்ட மாட்டேன், சந்தோஷப்படுவேன்.

ஏன் கேட்கிறாய் என்று கேட்காதே. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. அதுவரை முடிந்தால் கூண்டில் ஏறாதே.

அக்கா

*

ஏப்ரல் 13

அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதத்தைப் பார்த்துப் பயந்தே போனேன். நல்லவேளை, இதைச் சத்தமாகப் படிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டாய், இதோ. தலைவலி இல்லை. வேர்வை உண்டு, வெயிலில் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் உனக்கும் உண்டு. நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறது. முகம் வெளுக்க வழியே இல்லை, என் நிறம் உனக்குத் தெரியும். எடை குறையவில்லை, இரண்டு கிலோ ஏறி பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். வாழைப்பழம் தொடவில்லை.

கூண்டில் ஏறாதே என்றால் கம்பெனிக்கு என்ன காரணம் சொல்வது? அக்காவுக்குப் பயமாக இருக்கிறது என்றா? உங்கள் ஐஸ் பெட்டியில் குழாய்கள் மாறியிருக்கும். நூற்றிருபது பேர் என்றால் மாறாதா? அந்தப் பதினேழை அடித்துவிட்டு வேறு யாரையாவது பிடி. என்னை இதோடு விட்டுவிடு.

இவள்தான் இந்த வாரமும் மூன்று நாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். பள்ளிச் சீருடை ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது. வழக்கமான கதைதான்.

தம்பி

*

ஏப்ரல் 18

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கென்று தனியாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் முதல் தடவை என்று எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் சுகத்தைக்கூட என் தம்பி மூலமாகத்தான் விசாரித்துவந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இதை அவனிடம் எழுதினால் மறைத்துவிடுவான். கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்கிற பயத்தில் உயிரைக்கூட விடுவான். ஆகையால் உன்னிடம் சொல்கிறேன். பதினேழாம் நம்பரில் அமீன் அளவு கொஞ்சநஞ்சமல்ல, மற்றவர்களைவிடப் பத்து மடங்கு. இயந்திரக் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை நானே ஓட்டினேன். முன்னும் பின்னும் இருந்த குழாய்களெல்லாம் ஒழுங்காக வந்தன. பாரத்தில் பேர் இல்லாவிட்டாலும் நம்பரை அவனே எனக்கு எழுதியிருந்தான், தொழிலும் இருக்கிறதே. எங்கள் பட்டியலில் கிரேன் ஓட்டுகிறவன் ஒருத்தன்தான்.

எங்கள் டாக்டரம்மா சொல்வது இது. சிறுநீரகத்துக்கு மேல் தொப்பிபோல் ஒரு சுரப்பி உண்டு. அதில் கட்டி வந்தால் இப்படிக் கண்டபடி சுரக்கும். அப்போது ரத்த அழுத்தம் சடாரென்று ஏறும். தலை பிளக்கும், உடம்பு குளிர்ந்து வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், முகம் சுண்ணாம்பாக வெளுக்கும். குனிந்தாலோ கனம் தூக்கினாலோகூட வரும். பிறகு தானாக அடங்கிவிடும். கண்டுபிடித்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும். கண்டுபிடிக்காமல் விட்டால் ஏதோ ஒரு நாள் அடங்காமல் போகலாம். நாற்பது மீட்டர் உயரத்தில் அது வந்தால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு. உன்னை நம்பியிருக்கிறேன்.

அண்ணி

*

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். முதல் தடவை அவருக்காகப் படித்தேன். இரண்டாவது தடவை எனக்காகப் படித்தேன்.

அவருக்கு ஒன்றுமில்லை. பயப்படாதீர்கள். அந்தக் கேன் என்னுடையது.

நீங்கள் கேனை அனுப்பச் சொன்ன நாளிலிருந்து அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். விடுமுறை நாளிலும் கூடுதல் வேலை என்று போய்விடுவார். கேன் குளியலறை மூலையில் பத்து நாள் சும்மா கிடந்தது. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"குடுங்க, நான் பண்ணிடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவருக்கு உதவி செய்யத்தான் கேட்டேன் என்று அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நிஜம் அதுவல்ல. ஆரோக்கியமானவர்கள்தான் வேண்டும் என்று நீங்கள் எழுதியதை என் முன்னால் அவர் படித்தாரே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பட்டியலில் ஒரு தடவை நானும் இருந்து பார்க்கிறேனே என்று தோன்றியது. கேன் நல்லதாக வந்தால் எல்லோரும் சொல்வது சரி, எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, புத்திதான் சரியில்லை என்று ஒத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காபி, வாழைப்பழம் எதையும் தொடவில்லை. ஒரு தடவைகூட மறக்கவில்லை. நீங்கள் எழுதியபடி அத்தனையும் செய்தேன், பாரத்தில் மட்டும் அவர் தன் விவரங்களை எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் எனக்கு வருகிறது. நூல் கோக்கக் குனிந்தால் வருகிறது. துணி மூட்டையைத் தூக்கினால் வருகிறது. வேர்த்துக் கொட்டி, கை ஜில்லென்று ஆகிவிடும். சண்டை நடுவில் வந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவேன். "ஆரம்பிச்சிட்டியா உன் நாடகத்தை?" என்பார். கெட்டவர் இல்லை அண்ணி, அவருக்குத் தெரியாது. டாக்டரிடம் போகும்போதெல்லாம் அடங்கியிருக்கும், அழுத்தம் சரியாக இருக்கும். மூன்று டாக்டர் பார்த்தார்கள், மூன்று பேரும் மனசு என்றார்கள். நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

கட்டி என்று படித்ததும் அழுதேன். பயத்தில் பாதிதான் அழுதேன். மீதி சந்தோஷம். பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் இறங்கி வந்ததும் சொல்வேன். நாங்கள் செய்த தப்பால் உங்கள் வேலைக்கு ஏதும் வந்துவிடாதே?

உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 25

தங்கைக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. டாக்டரம்மாவிடம் அத்தனையும் சொல்லிவிட்டேன். என் வேலை கிடக்கட்டும்.

குனியாதே. மூட்டை தூக்காதே. வீட்டிலிருக்கிற எந்த மாத்திரையையும் நீயாகப் போடாதே. உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு டாக்டரம்மா எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. நாளைக்கே போ. உன் பேரிலேயே மறுபடி ஒரு கேன் கேட்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே சில வாரம் அழுத்தத்துக்கு மாத்திரை தருவார்கள். அவசரப்படுத்தாதே.

எனக்கு நிறைய எழுத வேண்டும். இன்று கை வரவில்லை.

அண்ணி

*

ஜூன் 6

அக்காவுக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாக அத்தான் எழுதியிருந்தார். இவள் தேறிவருகிறாள். தையல் பிரித்தாகிவிட்டது. நேற்று வாசல்வரை நடந்தாள்.

ஆபரேஷனுக்கு வந்து ஐந்து நாள் இருந்தாய். நர்ஸிடம் பேசினாய், அடுத்த கட்டிலில் இருந்தவளிடம் பேசினாய், என்னிடம் மட்டும் பேசவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போனாய். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நேரில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தை என் கையில் கொடுத்தாள். படித்து முடித்துவிட்டு நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? அப்பாடா, எனக்கில்லை. ஒரு நொடிதான் அக்கா. ஆனால் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இன்றுவரை கேட்கவில்லை.

ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே நாலரை மணி நேரம் நின்றோமே, அப்போது நாடகம் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வந்தது. டாக்டர் கட்டியைக் காட்டினார், எலுமிச்சம்பழம் அளவு. இத்தனூண்டு அவளுக்குள் இருந்துகொண்டு ஆட்டியிருக்கிறது, நான் அவளைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். கூட்டிப் பெருக்குகிறவர் என்னைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

அவள் கேனை வாங்கிக்கொள்ளாமல் இருந்திருந்தால்? என் பயந்தாங்கொள்ளித்தனம் அவளைக் காப்பாற்றியது என்று யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியாது.

என்னோடு பேசு.

தம்பி

*

ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

அக்கம்பக்கத்தில் யாரும் கேட்காதபடி கதவைச் சாத்திக்கொண்டு இதைப் படி, ஏனென்றால் நீ கத்துவாய். ஆபரேஷனுக்குப் பிறகு நீ கொடுத்த கேனின் அளவு இன்று வந்துவிட்டது. நானே ஓட்டினேன். மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உனக்கும். கூடவுமில்லை, குறையவுமில்லை. நடுவில் வந்து அழகாக உட்கார்ந்திருக்கிறது. என் வயிற்றில் பால் வார்த்தாய். காகிதத்தை டாக்டரம்மாவிடம் காட்டப் போனவள் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் நான் அப்படி நடந்துகொண்டதில்லை, அவர் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

இனி நான் அன்றைக்கு எழுதாமல் விட்டது. அமீன் மட்டுமல்ல, சதையிலிருந்து வருகிற இன்னொரு பொருளையும் நாங்கள் அளப்போம், கேன் முழுசாகச் சேர்ந்ததா என்று பார்க்க. ஆண்களுக்கு அது அதிகம் இருக்கும். பதினேழில் குறைவாக இருந்தது. என் தம்பி இளைத்துவிட்டான் என்று அழுதேனே தவிர, இது பெண்ணுடையதோ என்று எனக்கு உறைக்கவில்லை. வேறு யாருடைய கேனாக இருந்தாலும் ஒரே பார்வையில் பிடித்திருப்பேன். உன்னைப் பற்றியும் அப்படித்தான். தலைவலி, படபடப்பு, வேர்வை என்று என் தம்பிக்கு நான் கேட்ட அதே கேள்விகளுக்கு உன் பதில் வருஷக்கணக்காக என் மேஜையில் கடிதம் கடிதமாக வந்துகொண்டிருந்தது. படிப்பேன், மடித்து வைப்பேன். அவனுக்கு என்றதும் நோய், உனக்கு என்றதும் சுபாவம். மன்னித்துக்கொள் என்று எழுதுவது சுலபம். மன்னிக்காவிட்டாலும் எனக்கு எழுதிக்கொண்டிரு.

அவனிடம் சொல், பேசுகிறேன் என்று. ஆனால் ஒரு மாதம் கழித்து.

அண்ணி

*

ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அத்தானும் நீங்களும் சுகம்தானே? நீங்கள் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தேன். கத்தவில்லை. மூன்று தடவை படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சுபாவம் என்று எழுதிய அதே கையால் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தீர்கள். அதனால் கோபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். மீதியை நேரில் வரும்போது தீர்த்துக்கொள்கிறேன்.

இந்த எட்டு வாரத்தில் அந்தத் தலைவலியும் படபடப்பும் ஒரு நாள்கூட வரவில்லை. மிஷினில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் உங்கள் தம்பி இருக்கிறாரே. நான் கண்ணாடிச் சாமான் ஆகிவிட்டேன். தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. நேற்று என்னைக் கேட்காமல் சீருடை ஆர்டர் முழுவதையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார், நல்ல காரியம் செய்த முகத்தோடு. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை கோபம். "என்னக் கேக்காம யாரு குடுக்கச் சொன்னா?" என்று ஆரம்பித்தேன். பாவம், அவர் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார், தண்ணீர் கொண்டுவந்தார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். நெஞ்சு அடித்தது, எல்லோருக்கும் அடிக்கிற மாதிரி. தலை தலையாகவே இருந்தது. கையைப் பார்த்தேன், வேர்க்கவில்லை.

மெதுவாகக் கேட்டார். "முடிஞ்சுதா?"

"இல்ல. இன்னும் இருக்கு. உக்காருங்க" என்றேன்.

அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே திட்டினேன். அப்பாடா, எனக்கில்லை என்று அன்றைக்கு முகத்தில் எழுதியிருந்ததையும் சேர்த்துத் திட்டினேன். இத்தனை வருஷத்தில் ஒரு சண்டையைக்கூட நான் முடித்ததில்லை அண்ணி, பாதியில் விழுந்துவிடுவேன். நேற்று அரை மணி நேரம் நின்று, சொல்ல நினைத்த அத்தனையும் சொல்லி, கடைசி வார்த்தைவரை நானே பேசி முடித்தேன்.

தம்பி மனைவி